வியாழக்கிழமை அண்ணை

போன கிழமை யாழ்ப்பாணம் போய்வந்த நண்பர் ஒருவர், கொழும்பு வெள்ளவத்தையில் என் வீட்டு மேசையில் ஒரு பனங்கட்டிக் குட்டானை வைத்துவிட்டுப் போனார். ஓலையைப் பிரித்ததும் பனைவெல்ல மணம் எழும்பியது. உங்களுக்கு அது ஊர் மணம். எனக்கு அது குடியை விட்டவர்களின் மணம். குடியை விட்ட புதிதில் நாக்கு இனிப்புக்கு அலையும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பொருளாதாரத் தடையால் சீனி கண்ணிலும் படாது. ஆகவே நாங்கள் கொஞ்சப் பேர் ஒரு பள்ளிக்கூட வாங்கில் குந்தியிருந்து, எறும்புக்கூட்டம் மாதிரிப் பனங்கட்டியைக் கடித்துக் கடித்து வெறுந்தேநீர் குடிப்போம்.

அப்போது நான் உரும்பிராயில் இருந்தேன். கூட்டுறவுக் கடையில் வேலை. வேலை என்பது பேச்சுக்குத்தான், பாதி நாள் கள்ளுத் தவறணையில்தான் என் சீவியம். ஒருநாள் இரத்தமாகச் சத்தி எடுத்தேன். மருந்தெடுக்கப் போன இடத்தில் ஒரு கன்னியாஸ்திரி மருத்துவத்தாதி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, உமக்கு மருந்து மட்டும் காணாது. வியாழக்கிழமை பின்னேரம் எங்கடை கோயில் பள்ளிக்கூடத்திலை கொஞ்சப் பேர் கூடுறவை. எல்லாரும் குடிச்சுக் கெட்டு, இப்ப விட்ட ஆக்கள். சும்மா போய் இருந்து பாரும்."

கடற்கரைப் பக்கத்து வேதக்கோயில் அது. நான் வியாழன்தோறும் அங்கே சைக்கிள் மிதிப்பதைக் கண்டவர்கள், நான் வேதத்தில் சேரப்போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். குடிக்காக ஒருநாளும் அழாத அம்மா அதற்கு அழுதா. "குடிக்கிறதெண்டால் குடியடா, சைவனாய் இருந்து குடி!" என்று தலையில் அடித்துக்கொண்டா. நான் மறுத்துச் சொல்லவில்லை. குடிகாரர் கூட்டத்துக்குப் போகிறேன் என்பதைவிட அந்தக் கதை எனக்கு மரியாதையாக இருந்தது.

முதல் நாள் எழும்பி நின்று, யாழ்ப்பாணத்தான் எவனும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பேர், ஊர், இன்னாருடைய மகன் என்று தொடங்கினேன். முன்வாங்கில் இருந்த, என்னிலும் மூத்த ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தம்பி, உது இஞ்சை வேண்டாம். பேரும் ஊரும் தேப்பனும் வெளியிலை நிக்கட்டும். குடிச்ச கதையை மட்டும் சொல்லுங்கோ."

ஊரைக் கேட்டு, தகப்பனைக் கேட்டு, அதற்குள்ளே கேட்கக்கூடாததையும் கேட்டு முடித்துவிட்டுத்தான் நாங்கள் ஒருவருக்குத் தண்ணீர் கொடுப்போம். அதையெல்லாம் கழற்றி வைத்தால் நான் வெறும் குடிகாரன். அன்று வெறும் குடிகாரனாகவே நின்று கதையைச் சொல்லி அழுதேன்.

அந்த மனிதரை நான் அண்ணை என்று கூப்பிட்டேன். கூட்டம் முடிந்து வீடு திரும்பும் வழியில் அந்தத் தவறணை இருந்தது. கள்ளு மணம் வந்தால் என் சைக்கிள் தானாகத் திரும்பும். ஒவ்வொரு வியாழனும் அண்ணை தன் சைக்கிளில் என்னோடு வருவார். தவறணையைத் தாண்டியதும், "இனிப் போவியள்தானே? நான் வாறன்" என்று சொல்லித் திரும்பிவிடுவார். எந்தப் பக்கம் போவார் என்று நான் பார்ப்பதில்லை. தாயின் செத்தவீட்டில் தான் வெறியில் கிடந்ததையும், தான் இல்லாமலே தாயை எடுத்ததையும் எனக்குச் சொன்னவர் அவர். வேறெவருக்கும் அதைச் சொன்னதில்லையாம். ஷெல் விழுந்த கிழமைகளிலும் அவர் வந்தார். அவர் வந்ததால்தான் நான் உயிரோடு இருக்கிறேன்.

தொண்ணூற்றைந்து மாரியில் இராணுவம் நெருங்க, எங்கள் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்தது. நானும் அம்மாவும் மழையில் நனைந்து, பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்கு வந்து சேர்ந்தோம். வியாழக்கிழமை வந்தது, போக இடமில்லை. நாக்கு மறுபடி கள்ளுக்கு அலையத் தொடங்கியது. அகதிகள் தங்கிய ஒரு பள்ளிக்கூடத்தில், தவறிப்போனவர்களின் பேரை ஒலிபெருக்கியில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் போய் வரிசையில் நின்றேன்.

"ஆரைத் தேடுறியள்?" என்று அறிவிப்பாளர் கேட்டார்.

"அண்ணையை."

"பேர்?"

"தெரியாது."

"எந்த ஊர்?"

"அதுவும் தெரியாது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "அண்ணை, குடிச்சிட்டோ வந்தனீங்கள்?" என்று கேட்டார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

நான் விலகி வந்து மதிலோரம் இருந்தேன். அந்த அறிவிப்பாளரில் எனக்குக் கோபமில்லை. அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

அடுத்த வருடம் ஊர் திரும்பியதும் வியாழன்தோறும் கடற்கரைக்குப் போனேன். பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லை. கன்னியாஸ்திரியும் எங்கோ போய்விட்டார். ஒருவரும் வரவில்லை. பிறகு சுவரையும் இடித்துவிட்டார்கள். அண்ணை பாலத்தைத் தாண்டினாரோ, வன்னிக்குப் போனாரோ, குடித்தாரோ, இருக்கிறாரோ, எனக்குத் தெரியாது. விசாரிக்க வாயைத் திறந்தால் எல்லாரும் முதலில் பேரைத்தான் கேட்கிறார்கள்.

அகதிகள் தங்கிய அந்தப் பள்ளிக்கூட மதிலோரம் இருந்த அன்று நான் குடிக்கவில்லை. அதைச் சொல்வதற்கு எனக்கு அண்ணை ஒருவர்தான் இருந்தார்.