அழுத்தாத பொத்தான்

என் மேசையில் காகிதம் பறக்காமலிருக்க இரண்டு ஈயக்குண்டுகளை வைத்திருக்கிறேன். மீன்வலையின் அடியில் கட்டுபவை. அறுந்த நைலான் கயிறு இன்னும் அவற்றில் சுற்றியிருக்கிறது. பழவேற்காட்டுப் படகுக்கார பாயின் வலையில் இருந்தவை அவை.

இரண்டாயிரங்களின் பின்பாதி. கும்மிடிப்பூண்டிப் பட்டறை ஒன்றில், ஆளில்லாமல் ஓடி ஏரியின் ஆழத்தை அளக்கும் படகைச் செய்துகொண்டிருந்தோம். அது கடல்வழி விதிகளை மீறுகிறதா என்று சரிபார்க்கும் நிரலை எழுதுவது என் வேலை. வேப்பம்பட்டில் ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் மாறி, பட்டறைக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். கணினிக்குள் ஆயிரக்கணக்கான படகுகளைக் குறுக்கே விட்டுப் பார்த்தேன். எல்லா ஓட்டமும் தேறியது. கடைசியாகப் பழவேற்காடு ஏரியில் ஒரு நிஜப் படகு குறுக்கே வர வேண்டும். அதற்குத்தான் பாயை அமர்த்தினோம்.

மூன்று நாள் எங்கள் இயந்திரம் கிளம்பவே இல்லை. "இன்னா சார், உன் படகு இன்னும் நாஷ்டா துன்னலியா?" என்று பாய் கிண்டல் செய்வார். சிரிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. நாலாம் நாள், காத்திருந்து சலித்தவர் சும்மா இருப்பானேன் என்று வலையை விட்டார். அந்த நேரம் பார்த்து இயந்திரம் உயிர்பெற, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் படகைக் கிளப்பிவிட்டோம்.

பாய் எழுந்து நின்று துடுப்பை நெட்டுக்குத்தாகத் தூக்கிப் பிடித்தார். வலை கிடக்கிறது, வராதே என்று அந்த ஏரியில் அதற்கு அர்த்தம். அது எனக்குத் தெரியும். நிரலுக்குத் தெரியாது. மீன்பிடிப் படகென்றால் கம்பத்தில் கறுப்புக் கூம்புகள் தொங்கும் என்றுதான் விதிப் புத்தகத்தைப் பார்த்து எழுதியிருந்தேன். கூம்பில்லாத பாய் எங்கள் படகுக்கு இடப்பக்கம் இருந்தார். ஆகவே விதிப்படி அவர்தான் விலக வேண்டும். படகை நிறுத்தும் பொத்தான் கரையில் நின்ற என் கையில் இருந்தது. அழுத்தினால் அந்த ஓட்டம் செல்லாது, எல்லாம் மறுபடி முதலிலிருந்து. களைப்பாக இருந்தது. நான் அழுத்தவில்லை.

படகு பாயை மோதாமல் அவருக்குப் பின்னால் போய் வலையைக் கிழித்தது. விதியை மீறியது எதிர்ப்படகு என்று நிரல் எழுதியது. நான் கையெழுத்துப் போட்டேன். கரைக்கு இழுத்து வந்த எங்கள் படகின் விசிறியில் சிக்கிய வலையை அறுத்து எடுத்தபடி பாய் கேட்டார்: "நீ பாத்துக்கினுதானே சார் இருந்த?" அறுந்து விழுந்த இரண்டு ஈயக்குண்டுகளை நான் குனிந்து பொறுக்கினேன். பட்டறை புது வலை கொடுத்தனுப்பியது. அவர் வாங்கவில்லை, அப்புறம் வரவும் இல்லை.

இப்போதும் இதே வேலைதான், கப்பல்கள்தான் பெரிதாகிவிட்டன. இன்று வந்த அறிக்கை குண்டுகளுக்கு அடியில் கிடக்கிறது. விதிமீறல் ஏதுமில்லை என்கிறது. கடைசியில், 'நேரில் பார்த்தவர்' என்ற கட்டத்தில் நான் கையெழுத்திட வேண்டும். அன்றும் அதே கட்டத்தில்தான் போட்டேன்.

ஆமாம் பாய், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.