தினமும் ஏகாதசி

வாழ்நாளில் ஒரே ஒருமுறை துப்பறிந்திருக்கிறேன். குற்றவாளியைக் கோட்டைவிட்டதுகூடப் பெரிதில்லை. அந்தக் குற்றவாளியிடமே கூலியும் வாங்கித் தின்றேன்.

அறுபதுகளின் மாதுங்கா. அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்த அன்றே அம்மா சோற்றுக்குத் தடை போட்டாள். விரத நாளில் சோறு விலக்கிப் பலகாரம் பண்ணுவது எங்கள் வழக்கம். அப்பாவுக்கு இனி தினமும் ஏகாதசி. ஜவ்வரிசிக் கிச்சடி, ரவா உப்புமா, உருளைக்கிழங்கு வறுவல். தட்டில் ஒரு பருக்கை கிடையாது.

ஆனாலும் காலையில் அவர் சிறுநீரை நீல மருந்தோடு குழாயில் காய்ச்சினால் சர்க்கரை அதிகம் என்று செங்கல் நிறம் காட்டியது. இப்படியே சிவந்தால் தினமும் ஊசிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊசி என்றாலே அப்பாவுக்கு வேர்க்கும்.

"வெளியிலே எங்கே சாப்பிடறேள்?"

"பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலைடீ!"

அவர் தயங்காமல் பதில் சொன்னதே எங்களுக்குச் சந்தேகமாக இருந்தது. சட்டைப்பைகளை முகர்ந்து பார்த்தோம். சாயங்காலம் அவர் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் நடக்கப் போனால், அம்மா ஏவிய ஒற்றராகப் பின்னாலேயே நான். மிட்டாய்க் கடை வாசலில் தும்மினார் என்று வந்து சொன்னேன். கைக்குட்டையால் வாயைத் துடைத்தார் என்று சொன்ன அன்று எனக்கு இன்னொரு கரண்டி கிச்சடி கிடைத்தது.

கடைசியில் அம்மா அவரை டாக்டரிடம் இழுத்துப் போனாள். சாட்சிக்கு நான். என்னதான் சாப்பிடுகிறார் என்று அந்த மராட்டிக்காரர் கேட்டார்.

சோற்றை அடியோடு நிறுத்திவிட்ட பெருமையில் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சாவல் பில்குல் பந்த், டாக்டர் சாப்! ராத்கோ சாபுதானா, ஆலூ, ரவா..."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். சோறானாலும் ஜவ்வரிசியானாலும் உடம்புக்கு எல்லாம் ஒன்றுதான் என்றார். பாதித் தட்டுக்குக் காயும் கீரையும், மெல்லிசாய் இரண்டு சப்பாத்தி, பருப்பு, கொஞ்சம் தயிர். சப்பாத்தியைக் குறைத்துக்கொண்டால் ஒரு பிடி சோறுகூடத் தப்பில்லையாம்.

சில வாரங்களில் குழாய் பச்சைக்கு இறங்கியது. ஊசி வேண்டியிருக்கவில்லை. "உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டேனே" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விடுதலையான மனிதர் மட்டும் பாகற்காய்க் கறி முன்னால் துக்க வீட்டு முகத்தோடு உட்கார்ந்திருந்தார். ஏன் என்று எனக்கு விளங்கவேயில்லை.

பல வருஷம் கழித்து அக்காவிடம் கேட்டேன்.

"அசடே, காரணம் கிச்சடின்னு அவருக்கு முதல்லேயே சந்தேகம்டீ. என்கிட்டே சொல்லியிருக்கார். வாயைத் திறந்தா அதையும் நிறுத்திடுவாளேன்னுதான் திருட்டுப் பட்டத்தை வாங்கிண்டு சும்மா இருந்தார்."