ஜில்லென்ற ஒரு பாதம்

பத்தொன்பது வருடமாகப் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்துகிறேன். ‘மாறா வெப்பநிலை உயிரி’ என்ற சொல்லை வருடத்துக்கு ஒருமுறை கரும்பலகையில் எழுதி அடிக்கோடிடுவேன். வெளியே குளிரோ வெயிலோ, தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கி ஒரே அளவில் வைத்துக்கொள்கிற பிராணி என்று பொருள். பழைய புத்தகங்களில் ‘வெப்ப இரத்தப் பிராணி’ என்றிருக்கும். விடைத்தாளில் அப்படி எழுதினால் அரை மதிப்பெண் குறைப்பேன். வெயிலில் கிடக்கும் ஓணானின் இரத்தமும் சூடாகத்தான் இருக்கும், யார் சூடாக்கினார்கள் என்பதுதான் கேள்வி என்று ஓரத்தில் குறிப்பு வேறு எழுதுவேன். மாணவர்களுக்கு என்னைப் பிடிக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

நாற்பத்து நான்கு வயதில் எனக்கு மகள் பிறந்தாள். ஒன்றரை மாதம் முன்னதாகவே வந்துவிட்டாள். மூன்று வாரம் மருத்துவமனையில் வைத்திருந்து, “கதகதப்பா வச்சுக்கங்க” என்று சொல்லி அனுப்பினார்கள். சித்திரை மாதம். மதுரை ஆனையூரில் மொட்டை மாடிக்கு நேர் கீழே எங்கள் வீடு. கதகதப்புக்கா பஞ்சம் என்று ஏர்கூலர் ஒன்றை வாங்கிவந்து தொட்டிலைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். ஒத்தாசைக்கு உசிலம்பட்டியிலிருந்து வந்திருந்த என் அக்கா, வேர்க்குரு வருமென்று பிள்ளையின் சட்டையைக் கழற்றிவிட்டாள். மதுரைக்காரர்களுக்குச் சூட்டிடம் மட்டும்தான் பயம். நெற்றியில் கைவைத்துப் பார்ப்போம். சுட்டால் கவலை, ஜில்லென்றிருந்தால் நிம்மதி.

மூன்றாம் நாள் மத்தியானம் மனைவி கூப்பிட்டாள். “ஏங்க, காலையிலருந்து பால் குடிக்க மாட்டேங்கிறா. அழவும் இல்ல.”

“தூங்கட்டும் விடு” என்றாள் அக்கா. “இம்புட்டு வெயில்லயும் எப்படிக் குளுகுளுன்னு இருக்கா, தொட்டுப் பாரு. கூலர் வாங்குனது உருப்படியான காரியம்டா தம்பி.”

பெருமையோடு தொட்டேன். பாதம் தண்ணீர்ப் பானையின் வெளிப்புறம்போல இருந்தது. வயிறும் அப்படித்தான். உள்ளங்காலைச் சுண்டினேன். முகம்கூடச் சுளிக்கவில்லை. பாடத்தின் கடைசி வரி நினைவுக்கு வந்தது: பிறந்த குட்டிகள் பலவற்றுக்கு இந்தத் திறன் உடனே வாய்ப்பதில்லை. தேர்வில் வராது என்பதால் அதை நான் நடத்துவதில்லை.

ஆட்டோவில் அக்கா பிள்ளைக்குச் சட்டையைத் திரும்ப மாட்டி, முந்தானையால் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

மருத்துவமனையில் நர்ஸ் பிள்ளையைத் தொட்டதும் நிமிர்ந்தார். “ஐஸ் பெட்டியிலயா வச்சிருந்தீங்க?”

“கூலர்...”

“சார் என்ன வேலை பாக்குறீங்க?”

“வாத்தியார்.”

“என்ன பாடம்?”

“கணக்கு” என்றேன். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“சட்டையைக் கழட்டுங்க. வார்மர்ல இன்னொரு பிள்ளை இருக்கு. காலியாகுற வரைக்கும் நீங்கதான் சூடு கொடுக்கணும். அந்தம்மா அதுக்குள்ள பால் பீச்சி எடுக்கட்டும்.”

மகளை வெறும் நெஞ்சோடு சேர்த்துவைத்து, மேலே போர்வையால் இறுக்கினார். தவளையை வைத்ததுபோல் இருந்தது. அப்படித் தோன்றியதே என்று எனக்கு என்மேல் வெறுப்பு வந்தது. அடுத்து என்னென்ன நடக்கலாம் என்று எனக்குத் தெரியும். சர்க்கரை இறங்கும், மூச்சு விட்டுவிட்டு வரும். அவளுடைய ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே நான் மூச்சு விடவில்லை. கால்மணிக்கு ஒருமுறை நர்ஸ் வந்து அவள் அக்குளில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். அட்டையில் குறித்துக்கொண்டு போனார். என் உடம்பில் சூடு போதுமா என்று வாழ்க்கையில் முதல்முறையாகச் சந்தேகம் வந்தது.

நான்காம் முறை அவர் வருவதற்குள் என் வயிற்றில் வெதுவெதுப்பாக ஏதோ வழிந்தது. பிறகு பூனைக்குட்டிபோல ஓர் அழுகை.

நர்ஸ் பாதத்தைப் பிடித்துப் பார்த்தார். “அழட்டும். தொடைக்காம அப்படியே உக்காருங்க, கணக்கு சார்.”

இப்போது அந்தக் கடைசி வரியைத்தான் முதலில் நடத்துகிறேன். மகள் ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் தூங்கும்போது, மின்விசிறியின் வேகத்தைக் குறைத்துவிட்டு அவள் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பேன். கண்ணைத் திறக்காமலே காலை இழுத்துக்கொள்வாள்.

“கையை எடுங்கப்பா. ஜில்லுன்னு இருக்கு.”