மெதுவாக நடக்கச் சொன்ன தாவூது

ஜப்பானியர் சரணடைந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. சயாமில் ரயில் பாதை போடப் போய்த் திரும்புகிறவர்களைத் தேடி, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்காரர்கள் தினமும் ரயில் நிலையத்துக்குப் போய்வந்தோம். அங்கேதான், எலும்பும் தோலுமாய் இறங்கிய ஒருவர் எனக்குச் சொன்னார்: கிள்ளான் தாவூது வரமாட்டான், ரயில் பாதை போட்ட முகாமில் காய்ச்சலில் போய்விட்டான். அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இதை எழுதும்போதும் நாலு வரிக்கு ஒருமுறை எழுந்து வாசலுக்குப் போய்வருகிறேன். அவனோடு படித்தவர்களும் காட்டில் நடந்தவர்களும் படிப்பீர்கள் என்பதால்தான் திரும்ப வந்து உட்காருகிறேன்.

கோலாலம்பூரில் ஜப்பானியர் நடத்திய தொழிற்கல்லூரியில் நாங்கள் ஒரே வகுப்பு. அவன் வாப்பாவுக்குக் கிள்ளானில் துணிக்கடை. என் அப்பா ரயில்வே கூலி. புதிதாகச் சேரும் மாணவர்களை முதல் வாரத்திலேயே உலு கிள்ளான் மலைக்காட்டுக்கு அழைத்துப் போவார்கள். நடக்க, கூடாரம் அடிக்க, ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடப் பழக்குவார்கள். துணைக்கு மூத்த மாணவர்கள் விருப்பப்பட்டால் போகலாம். அரிசிக் கஞ்சி கிடைக்கும் என்று நான் பெயர் கொடுத்தேன். அவனும் கொடுத்தான். ஏன் என்று கேட்டதற்கு, "வகுப்புல உக்காந்தா எனக்குக் கால் அரிக்குதுடா" என்றான்.

அது பொய்யில்லை. சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டேதான் சாப்பிடுவான். ஆனால் காட்டில் அந்த அவசரம் எங்கே போகுமோ தெரியாது. அந்த முறை முதல் நாளே, ஓர் ஓடையின் குறுக்கே கிடந்த மரத்தைக் கடக்கப் பண்டமாரான் ஊரிலிருந்து புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் பயந்து நின்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். தாவூது அவர்களை ஒரு முறை முறைத்துவிட்டு, மரத்தின்மேல் குதிரையில் உட்காருவதுபோல் உட்கார்ந்து, நகர்ந்து நகர்ந்து அக்கரைக்குப் போனான். பையனும் அப்படியே போனான். சிரித்தவர்களையும் அப்படியே வரச் சொன்னான். "நின்னுக்கிட்டுத்தான் போகணும்னு யாரு சொன்னா? அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தா சரி லா."

அந்தப் பையன் பிறகு எல்லாரையும்விட வேகமாக நடக்கக் கற்றுக்கொண்டான். அதுவே அவனுக்கு ஆபத்தாக வந்தது.

அந்தப் பயணத்தின் கடைசி நாள் காலை. கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்த என்னிடம் தாவூது குனிந்து வந்தான். ஜப்பானிய மொழி எங்களில் அவனுக்குத்தான் நன்றாகப் புரியும். பயிற்சியாசிரியர் முந்தின நாள் ஒரு ராணுவ அதிகாரியோடு பேசியதைக் கேட்டிருக்கிறான். அன்று மலையிறங்கும்போது புதியவர்களில் முதலில் சாலைக்கு வந்து சேருகிறவர்களை அங்கிருந்தே சயாம் ரயில் பாதை வேலைக்கு ஏற்றிப் போகப்போகிறார்கள்.

"பசங்க யாரும் வேகமா வரமாட்டாங்க, நான் பார்த்துக்கறேன். நீ வாத்தியார்கூட முன்னால போ" என்றான்.

நான் போனேன். சாலையில் லோரி நின்றது. அதிகாரியும் நின்றார். வெயில் ஏறியது. ஒருவரும் வரவில்லை. பயிற்சியாசிரியர் உலாத்தினார். நானும் எதற்கென்று தெரியாமல் மூட்டையை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் வந்தார்கள். ஒருவன் தோளில் ஒருவன் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. பண்டமாரான் பையன் ஒரு கம்பை ஊன்றி நொண்டினான். எல்லாருக்கும் பின்னால் தாவூது, இரண்டு பேருடைய மூட்டைகளையும் சேர்த்துச் சுமந்துகொண்டு.

பயிற்சியாசிரியர் கத்தினார். தாவூது முன்னால் வந்து, காய்ச்சாத ஓடைத் தண்ணீரைத் தான் குடிக்கக் கொடுத்துவிட்டதாக ஜப்பானிய மொழியில் சொல்லித் தலை குனிந்தான். தண்ணீர் காய்ச்சுவது என் வேலை. நான் சொல்ல வாயெடுத்தேன். "பேசாம இரு" என்று தமிழில் சீறினான். கன்னத்தில் அறை விழுந்தது. அதிகாரி அவன் தோளையும் கால்களையும் பார்த்தார். லோரியில் ஏறச் சொன்னார்.

ஏறியவன் பையன்களைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னான்: "நொண்டிக்கிட்டே வீட்டுக்குப் போங்க."

செய்தி வந்த மறுநாள் கிள்ளானுக்குப் போனேன். பண்டமாரான் பையனும் வந்தான். தாவூதின் உம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல தம்பி" என்றார். அப்புறம் அந்தப் பையனை அருகே அழைத்து, முகத்தை இரு கைகளாலும் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அவன் அழுதான். அவர் அழவில்லை.

நண்பர்கள் அவனைத் தியாகி என்கிறார்கள். என்னால் அந்தச் சொல்லோடு ஒத்துப்போக முடியவில்லை. எனக்கு அவன்மேல் கோபம். என்னையும் ஒரு வார்த்தை பேச விட்டிருக்கலாம். இரண்டு பேராக நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தினமும் மனதுக்குள் அவனோடு சண்டை போடுகிறேன். அவனும் விடுவதில்லை, பதில் சொல்கிறான். அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தச் சண்டைதான். இதை நான் முடிக்கப்போவதில்லை.