ஆறாங்கட்டையும் பூஜ்யப் பிழையும்

சவரிமுத்து அண்ணன் எங்கள் ஆபீஸ் படியேறி வந்தபோது அவர் விரல்களில் சிவப்புப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. புக்கிட் செலம்பாவில் மூன்று ஏக்கர் கித்தா மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, வைத்துக் குடும்பம் நடத்துபவர். பக்கத்துத் தோட்டத்தில் பழைய மரங்களை அழித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை நடப்போகிறார்கள். வெட்ட வேண்டிய மரங்களில் கொந்திராக்டரின் ஆட்கள் சிவப்புக் குறி போட்டிருந்தார்கள். இவருடைய மரங்களிலும் அந்தக் குறி இருந்தது.

"மண்ணெண்ண ஊத்தித் தேச்சுப் பாத்தேன் தம்பி, போக மாட்டேங்குது. திங்கக்கெழம புல்டோசர் வருதாம். கொந்திராக்டர கேட்டா, ஆகாயத்துல இருந்து எடுத்த படம்லா, தப்பாகாதுங்குறான். ஆகாயத்துல இருக்குறவனுக்கு என் நெலத்துக் கிராண்டுப் பத்திரம் தெரியுமா?"

அந்தப் படத்தைத் தயாரித்துக் கொடுத்தது நாங்கள்தான். எண்பதுகளின் கடைசி அது. சுங்கைப் பட்டாணியில் ஒரு கடைவரிசையின் மாடியில் இருந்த சின்ன சர்வே ஆபீஸ். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்ட நான் அங்கே பிளான் வரையச் சேர்ந்து, கம்ப்யூட்டர் வந்ததும் அதன் முன்னால் உட்காரவைக்கப்பட்டவன். எதைத் தொட்டாலும் கெட்டுப்போகும் என்ற பயத்தோடேதான் தினமும் அதை ஆன் செய்வேன்.

இன்றைய பிள்ளைகளுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். அப்போது சாட்டிலைட் படம் டிஸ்கெட்டில் வரும். தான் பூமியில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று அந்தப் படத்துக்குச் சரியாகத் தெரியாது. படத்தில் தெரியும் ஒரு பாலத்தையோ முச்சந்தியையோ குறித்து, அதே இடத்தை அரசாங்க மேப்பில் அளந்து, அந்த எண்களை டைப் செய்து கொடுக்க வேண்டும். இதற்குக் கண்ட்ரோல் பாயிண்ட் என்று பெயர். சாஃப்ட்வேர் படத்தை இழுத்துத் திருப்பிப் பொருத்திவிட்டு, ஒவ்வொரு பாயிண்டும் எவ்வளவு தள்ளி விழுகிறது என்று பிழையைக் காட்டும். அதன் பிறகுதான் தோட்டத்தின் எல்லைக் கோட்டைப் படத்தின்மேல் போடுவோம்.

இந்தப் படத்தில் பாதிக்குமேல் மேகம். ஒரு ரயில் பாலம், குருண் பக்கம் ஒரு முச்சந்தி, சவரிமுத்து அண்ணன் நிலத்துக்குக் கிட்ட இருந்த ஆறாங்கட்டை முச்சந்தி, இந்த மூன்று மட்டுமே தெளிவாகக் கிடைத்தன. மூன்று போதும் என்று மேனுவலிலேயே போட்டிருந்தது. பிழைக் கட்டத்தில் வரிசையாகப் பூஜ்யம். எங்கள் சர்வேயர் தேவராஜன் சார் என் முதுகில் தட்டினார். அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு அது அபூர்வம்.

இப்போது சவரிமுத்து அண்ணன் எதிரில் நிற்க, சார் பக்கம் திரும்பினேன். "நேர்ல போய்ப் பாத்துட்டு வரட்டா சார்?" என்றேன்.

"பூஜ்யம்னா பூஜ்யம்தான் லா. நீ கதவ பூட்டிட்டு, பூட்டுனமான்னு பாக்கத் திரும்பி வர்ற ஆளு. அண்ணன் எல்லையத் தாண்டி நட்டிருக்கலாம்ல?"

"நான் எங்க சார் நட்டேன்? நட்டது வெள்ளக்காரன். தோட்டத்தத் துண்டு போட்டு வித்தப்ப வாங்குனேன்."

சார் கொஞ்சம் யோசித்தார். "சரி, போயிட்டு வா. நிம்மதியாவாவது இருப்ப."

வழி கேட்டேன். பஸ் ஏறி ஆறாங்கட்டையில் இறங்கச் சொன்னார் அண்ணன். "கோப்பிக்கடை இருக்குற ஆறாங்கட்டைல எறங்கு. கட்டை இருக்குற ஆறாங்கட்டைன்னு போயிடாத. அந்தப் பக்கம் இப்ப பஸ்ஸே கெடையாது."

"ரெண்டு ஆறாங்கட்டையாண்ணே?"

"ஒண்ணுதான் தம்பி. அது எடம் மாறிடிச்சு."

கட்டை என்றால் மைல்கல். சடக்கை, அதாவது சாலையை, நேராக்கியபோது புது முச்சந்தி ஒன்று உண்டாகியிருக்கிறது. கோப்பிக்கடைக்காரர் கடையைத் தூக்கிக்கொண்டு அங்கே போக, சனங்கள் பெயரையும் கூடவே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கல் மட்டும் பழைய முச்சந்தியில் நிற்கிறது. எங்கள் மேப்போ சடக்கு நேராவதற்கு முன்னால் அச்சானது. படத்தில் வெள்ளையாகத் தெரிந்தது புது முச்சந்தி. நாங்கள் மேப்பில் அளந்தது பழையது. "இது ஆறாங்கட்டைதானே?" என்று படம் தயாரிக்கும்போது ஆள் அனுப்பிக் கடையில் கேட்டதற்கு, ஆமாம் என்றுதான் சொன்னார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

"அப்புறம் ஏன் சார் பூஜ்யம் காட்டுச்சு?"

சார் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "முக்காலி லா, குணா. மூணு காலு இருந்தா மேடு பள்ளம் எங்க வச்சாலும் ஆடாது. நாலு காலு மேசதான் ஆடிக் காட்டும். மூணு பாயிண்ட எப்படித் தப்பாக் குடுத்தாலும் படம் வளைஞ்சு ஒக்காந்துக்கும். எனக்குத் தோணாமப் போச்சே."

பஸ் ஏறுவதை விட்டுவிட்டு, அன்றும் மறுநாளும் படத்தின் மேக ஓரங்களைத் துழாவினோம். சுங்கை லாலாங் பக்கம் ஒரு குளத்தின் மூலை, ஒரு மதகு, இரண்டு ஆறுகள் சேரும் இடம் என்று இன்னும் மூன்று கிடைத்தன. அவற்றைச் சேர்த்ததும் எல்லாப் பாயிண்டும் பிழை காட்டி ஆடத் தொடங்கியது. ஆறாங்கட்டையை எடுத்துவிட்டோம். ஆட்டம் அடங்கியது. பூஜ்யம் வரவில்லை, கொஞ்சம் பிழை நின்றது. புதிய படத்தில் எல்லைக் கோடு அண்ணனின் நிலத்தை விட்டு வெளியே போயிருந்தது.

திங்கட்கிழமை காலையில் சாரும் நானும் அந்தப் படத்தோடு போய் நின்றோம். கொந்திராக்டர் புரட்டிப் பார்த்தார்.

"என்னா சார், இதுல பிழைன்னு போட்டிருக்கு? பழசுல பூஜ்யம்தானே?"

"அதனாலதான் அத நம்பாதீங்கன்னு சொல்ல வந்தேன்."

"இது என்னா புதுக் கதை? புல்டோசருக்கு வாடகை ஓடுது சார்."

புதிய படம் காட்டிய இடத்தில் நானும் சவரிமுத்து அண்ணனும் எல்லைக் கல்லைத் தேடிப் பாராங்கத்தியால் புதரை வெட்டினோம். ஒன்றும் இல்லை. கொந்திராக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் தள்ளி வெட்டினோம். கத்தி கல்லில் பட்டு நங்கென்றது. எல்லைக் கல். எண் வெட்டியிருந்தது. அந்தக் கல்லின்மேல் ஏறி நின்ற சவரிமுத்து அண்ணன், புல்டோசர் திரும்பிப் போகும்வரை இறங்கவில்லை.

அதற்குப் பிறகு, கொஞ்சம் பிழை காட்டும் படத்தைத் தயங்காமல் கையெழுத்துக்கு அனுப்பியிருக்கிறேன். பூஜ்யம் காட்டினால் மட்டும், யார் அவசரப்படுத்தினாலும், இன்னொரு பாயிண்டைத் தேடி உட்கார்ந்துவிடுவேன்.