மேசைமேல் மூன்றாம் டேங்க்

இது கதை இல்லை. எனக்கு நடந்தது. நம்பாதவர்கள் சிதம்பரம் வந்தால் அந்த மேசையையே காட்டுகிறேன். தொட மட்டும் சொல்லாதீர்கள்.

என் பெயர் இளவரசு. செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் பத்து வருஷம் கான்ட்ராக்ட் வேலை பார்த்தேன். கம்பெனியை மூடியதும் சிதம்பரத்தில் ஒரு மாடி அறைக்கு வந்துவிட்டேன். மனைவி அதற்கு முன்பே தாய்வீடு போய்விட்டாள். போன் அடித்தால் லோன் வேண்டுமா என்று கேட்பவர்கள்தான். ஏழு கழுதை வயதில் பொம்மை ரயில் வாங்கினேன். பெரிய மேசையில் தண்டவாளம் போட்டு, பக்கத்தில் எங்கள் கம்பெனியையே கட்டினேன். பிவிசி பைப் துண்டுகள் டேங்க் ஆயின. ஊதுபத்திக் குச்சிகள் குழாய்கள் ஆயின. எங்கள் ஷிப்ட் ஆட்கள் ஆறு பேரையும் விரல் நக உயரத்தில் செய்து, கேட் அருகே வரிசையாக ஒட்டினேன். ஐந்து பேருக்கு மஞ்சள் ஹெல்மெட். எனக்கு மட்டும் சிவப்பு. சாப்பிடும்போது அவர்களோடுதான் பேசுவேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

போன ஆகஸ்டில் ஒரு செவ்வாய். மாலை 6.50. கடைக்குப் போய்த் திரும்பினேன். வரிசையில் ஐந்து பேர்தான். சிவப்பு ஹெல்மெட் மூன்றாம் டேங்க் மேல், மூடிக்குப் பக்கத்தில் நின்றது. எலி இழுத்திருக்கும் என்று நினைத்தேன். மறுபடி கேட்டில் வைத்து, பசையை அப்பினேன்.

புதன். 6.50. மறுபடி டேங்க் மேல். காலோடு, அது ஒட்டியிருந்த அட்டையும் பிய்ந்து வந்திருந்தது.

எனக்குச் சாவு வருகிறது என்று தோன்றியது. இந்த அறையில் செத்தால் நாற்றம் வந்துதான் ஊருக்குத் தெரியும். அன்று அழுதேன்.

வியாழன். 6.50. கரண்ட் போனது. இருட்டில் ரயில் தானாக ஓடியது... மூன்றாம் டேங்க் முன்னால் நின்றது.

பிறகு தட்டும் சத்தம்.

டொக்... டொக்... டொக்...

டேங்க் உள்ளே இருந்து.

மூடியைக் கத்தியால் கிளப்பினேன். உள்ளே சிவப்பு ஹெல்மெட். அண்ணாந்து படுத்திருந்தது. கெமிக்கல் வாடையில் கண் எரிந்தது.

பழைய சூப்பர்வைசர் லூர்துசாமிக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, மூணாம் டேங்க்ல என்னா நடந்துச்சு?"

"ஒன்னும் இல்லியே. கம்பெனி மூடுறதுக்கு மொத நாளு கிளீன் பண்ணி மூடுனோம். நீயும்தான இருந்த."

"நான் இல்லண்ணே. சேத்தியாத்தோப்புல மச்சினிச்சி கல்யாணத்துல இருந்தேன்."

"ஒன் கேட் பாஸ் உள்ள வந்துச்சேடா..."

எங்களுக்கு இது சகஜம். பாஸெல்லாம் கான்ட்ராக்டர் கையில் இருக்கும். ஒருவன் லீவு போட்டால் அவன் பாஸில் வேறு ஆளை அனுப்புவார். முகமூடி போட்டால் யாருக்கும் அடையாளம் தெரியாது.

"அந்த பாஸ் திரும்பி வந்துச்சாண்ணே?"

"இல்ல. தொலஞ்சுபோச்சுன்னாரு கான்ட்ராக்டரு..."

இருவரும் போலீஸுக்குப் போனோம். சனிக்கிழமை டேங்கைத் திறந்தார்கள். உள்ளே எலும்புதான் இருந்தது. என் பாஸும் இருந்தது.

அன்று என் பாஸில் கான்ட்ராக்டர் அனுப்பிய ஆள், குமராட்சி காத்தவராயன். இரண்டு வருஷத்துக்கு முன் காணாமல் போனவன். அவன் மனைவி சின்னம்மாள் வந்து பார்த்தாள்.

"எவளோடயோ ஓடிட்டாருன்னாங்களே" என்றாள். என் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். அவள் பிடிக்காததுதான் தாங்க முடியவில்லை.

லூர்துசாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மூடி போடுறதுக்கு மின்னாடி, சாயங்காலம் 6.50 இருக்கும், பேரு வாசிச்சேன்டா. எல்லாரும் வெளிய வந்தாச்சான்னு. எளவரசுன்னேன். 'இருக்கேண்ணே'ன்னு எம் பின்னாடி பதிலு வந்துச்சு. அதுக்கப்புறந்தான் போல்ட்ட இறுக்கச் சொன்னேன்."

"அந்தாளுதான் உள்ள இருந்தாரே... அப்ப யாருண்ணே சொன்னது?"

அவர் என்னைப் பார்க்கவில்லை.

"ஒன் கொரலுதான்டா."