இங்கர் கவிழ்த்த இலைவண்டி

பனி கரைந்ததும், இப்போது நான் இருக்கிற பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டு முற்றம் போன வருடத்து இலைகளைத் திருப்பிக் கொடுக்கிறது. ஊறிப் புளித்த தேயிலைச் சாயம்போல ஒரு மணம். குனிந்து வார முதுகு சம்மதிக்கவில்லை, நின்றபடியே முகர்ந்துகொண்டிருந்தேன். இந்த வயதில் தோட்டவேலை என்றால் அவ்வளவுதான்.

இதே மணம் நோர்வேயில், ஷீ என்ற ஊரிலும் இருந்தது. ஒஸ்லோவில் உழைக்கிறவர்கள் படுக்க வருகிற ஊர். நகரசபை எல்லைக்குள் ஆட்களைவிடக் காடும் கோதுமை வயலும்தான் அதிகம். ரயிலில் ஒருவர் பக்கத்தில் ஒருவர் இருக்கமாட்டார்கள். நான் ஒருமுறை இருந்துவிட்டேன். அந்த மனிதர் அடுத்த நிலையத்திலேயே இறங்கிவிட்டார். அவருடைய நிலையம் அதுதான் என்று இன்றுவரை என்னைத் தேற்றிக்கொள்கிறேன்.

அங்கே ஒரு மாடிக் குடியிருப்பில் செல்வம் அண்ணையும் நானும் ஓர் அறையில் இருந்தோம். ஒஸ்லோ ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவினோம். அண்ணையின் மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்திலிருந்து வர விசா கிடைத்திருந்தது. கீழ்த்தளத்தில் ஒரு வீடு காலியானது. அதை அவருக்கு வாடகைக்குத் தருவதா என்று குடியிருப்போர் சங்கம் சொல்லவேண்டும். தலைவி இங்கர், நெடுத்த கிழவி, சிரித்து நான் பார்த்ததில்லை.

வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை எல்லோரும் சேர்ந்து முற்றம் கூட்டுவார்கள். டுக்னாட் என்பார்கள். கூலியில்லை, கோப்பியும் பணிசும் உண்டு.

அன்று விடியப்புறம் அண்ணை என்னைத் தட்டினார்.

"எழும்படா. சனம் வரமுதல் கூட்டி முடிச்சிடுவம். பாத்தா வீடு தராம விடுவினமே?"

"கோயில் வீதியே கூட்டப் போறியள்? படுங்கோ அண்ணை."

"நீ கலியாணம் கட்டாதவன். உனக்கென்ன, படு."

படுத்தேன். சொன்ன சொல்லை உடனே கேட்கிறவன் நான்.

சனத்தோடு நானும் இறங்கி வந்தபோது முற்றத்தில் ஓர் இலைகூட இல்லை. எல்லாம் ஒற்றைச்சில்லு வண்டிகளில் குவிந்திருந்தன. கையில் இலைவாரிகளோடு அயலவர்கள், பந்தி முடிந்தபின் கல்யாணத்துக்கு வந்தவர்கள்போல நின்றார்கள். அண்ணை வியர்வையோடு புன்னகைத்தார். ஒருவரும் திருப்பிப் புன்னகைக்கவில்லை.

இங்கர் ஒரு வண்டியடிக்குப் போய், சப்பாத்துக் காலால் அதைக் கவிழ்த்தார். பிறகு அடுத்ததை.

"வீடு போச்சடா," என்றார் அண்ணை.

கிழவி ஓர் இலைவாரியை அவர் கையில் திணித்துவிட்டுத் தானும் வாரத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் முற்றம் முழுக்கக் கதையும் சிரிப்பும். ரயிலில் வாய் திறக்காத சனமா இது? கோப்பி வேளையில், மகளுக்கு எத்தனை வயது என்று அண்ணையிடம் கேட்டார் இங்கர். கீழ்வீட்டு ஜன்னலுக்கு நேரேதான் ஊஞ்சல், உள்ளே இருந்தே பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

அந்த நகரசபையைப் பக்கத்து நகரசபையோடு சேர்த்துப் பெயரையும் மாற்றிவிட்டார்கள். ஒஸ்லோவுக்கு இப்போது சுரங்கத்துக்குள்ளால் ரயில். காடும் வயலும் கண்ணில் படாது. அண்ணை அதே வீட்டில்தான் இருக்கிறார். போன கிழமை போனில், டுக்னாட் எப்போது என்று கேட்டேன்.

"அதெல்லாம் விட்டாச்சு. கொம்பனிக்காரன் வந்து அள்ளிக்கொண்டு போறான்," என்றார். "இங்கர் செத்ததே எனக்குத் தெரியாதடா. தபால்பெட்டியில வேற பேர் கிடந்தது. அதைப் பாத்துத்தான் அறிஞ்சன்."